ஒரு சென்ட் பத்திரிகையின் ஆசிரியர்: டோரதி டே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோரதி டே யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்கப் பத்திரிகையாளர். 1897 நவம்பர் 8 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார், 1980 நவம்பர் 29 அன்று அதே நியூயார்க்கில் இறந்தார். சோஷலிஸ்ட் நாளிதழில் நிருபர், நாவலாசிரியர், செவிலியர் பயிற்சி என்று பலதையும் பார்த்துவிட்டு 30 வயதில் கத்தோலிக்கரானார். அப்புறம் 1929ல் ஹாலிவுட்டில் கொஞ்சகாலம் வசனம் எழுதினார். 35 வயதில் 'கத்தோலிக் வொர்க்கர்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, சாகும்வரை 47 ஆண்டுகள் அதை விடவில்லை.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சமூகத் தொண்டர் என்பார்கள், போராளி என்பார்கள், இப்போது வருங்காலப் புனிதர் என்கிறார்கள். மூன்றும் சரிதான். ஆனால் எனக்குத் தெரிந்தவரை அவர் முதலில் பத்திரிகைக்காரர், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வீடில்லாதவர்களுக்காக அவர் நடத்திய இல்லங்கள்கூட, 'இப்படி இல்லங்கள் வேண்டும்' என்று பத்திரிகையில் வந்ததைப் படித்துவிட்டு 'அந்த இல்லம் எங்கே இருக்கிறது?' என்று ஆட்கள் வாசலில் வந்து நின்றதால் தொடங்கியவை.

அவர் கன்னியாஸ்திரியா?

இல்லை. பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாத சாதாரண விசுவாசி. ஒரு பெண் குழந்தைக்குத் தாய், பிறகு ஒன்பது பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி. 1955ல் பெனடிக்ட் சபையோடு தன்னை இணைத்துக்கொண்டார் என்பது உண்மை, ஆனால் அது பொதுநிலையினராகவே இருந்துகொண்டு சேரக்கூடிய ஓர் இணைப்பு, துறவற வார்த்தைப்பாடு கிடையாது.

பத்திரிகைத் தொழிலை எங்கே கற்றார்?

வீட்டிலேயே மை வாசனை இருந்தது. அப்பா குதிரைப் பந்தயம் பற்றி எழுதும் விளையாட்டு நிருபர், அண்ணன்மார் இருவரும் பத்திரிகைக்காரர்கள். ஆனால் பத்திரிகை அலுவலகம் பெண்களுக்கான இடமில்லை என்பது அப்பாவின் கருத்து, அதனால் வீட்டிலிருந்து ஆதரவு ஒன்றும் வரவில்லை. இலினாய் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, பட்டம் வாங்காமலே 1916ல் நியூயார்க் வந்தார். 'கால்' (Call, அழைப்பு) என்ற சோஷலிஸ்ட் நாளிதழில் வேலை கேட்டபோது, பெண் நிருபருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றார்கள். வாரம் 5 டாலரில் ஒரு தொழிலாளிப் பெண் எப்படிப் பிழைக்கிறாள் என்று நானே வாழ்ந்து பார்த்து எழுதுகிறேன், அந்த 5 டாலரையே சம்பளமாகக் கொடுங்கள் என்று கேட்டு உள்ளே நுழைந்துவிட்டார்!

வேலைநிறுத்தம், ரொட்டி விலைக் கலவரம், வாடகை தர முடியாமல் தெருவுக்கு வந்த குடும்பம், இவைதான் அங்கே அன்றாடச் செய்தி. அப்போது நியூயார்க்கில் இருந்த ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியைப் பேட்டி கண்டார். பிறகு 'மாஸஸ்' இதழில் உதவி ஆசிரியர். முதல் உலகப்போரை எதிர்த்ததற்காக அந்த இதழை அரசு முடக்கும்வரை அங்கே இருந்தார். 1917 நவம்பரில் பெண்கள் வாக்குரிமை கேட்டு வெள்ளை மாளிகை முன் மறியல் செய்து, 30 நாள் தண்டனை பெற்று, சிறையில் உண்ணாவிரதமும் இருந்தார்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்தி இதழ்களில் எழுதிப் பழகி வந்தவர் இல்லை அவர். களத்துக்குப் போ, பார், ஆளிடம் பேசு, விலை என்ன கூலி என்ன என்று கேள், அப்புறம் எழுது என்ற பழக்கத்தில் வளர்ந்தவர். கத்தோலிக்கராகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அப்படிப்பட்டவர் ஏன் மதம் மாறினார்?

ஒரே காரணம் சொல்ல முடியாது. தன் நாவலின் திரைப்பட உரிமை விற்ற பணத்தில் ஸ்டேட்டன் தீவின் கடற்கரையில் சின்ன வீடு ஒன்று வாங்கி, ஃபார்ஸ்டர் பேட்டர்ஹாம் என்ற உயிரியல் அறிஞரோடு வாழ்ந்துவந்தார். அதற்கு முன் 1919 வாக்கில் வேறொரு உறவில் கருக்கலைப்பு செய்துகொண்டவர், இனிக் குழந்தையே பிறக்காது என்று நம்பியிருந்தார். 1926 மார்ச்சில் மகள் தமார் பிறந்தாள். அந்த மகிழ்ச்சிக்கு நன்றி சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பதுதான் அவர் பல இடங்களில் தரும் விளக்கம். முதலில் குழந்தைக்கு ஞானஸ்நானம், பிறகு 1927 டிசம்பர் 28 அன்று தனக்கு.

பேட்டர்ஹாமுக்குக் கடவுளும் வேண்டாம், திருமணமும் வேண்டாம். அதனால் ஞானஸ்நானம் வாங்கினால் அவரைப் பிரிந்தே ஆகவேண்டும், பிரிந்தார். அந்த நாள் ஆனந்தமாக ஒன்றும் இல்லை, வறட்சியாகத்தான் இருந்தது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து, பேட்டர்ஹாமோடு வாழ்ந்த பெண் புற்றுநோயில் கிடந்தபோது, கூட இருந்து கவனித்துக்கொண்டது டோரதிதான்.

பத்திரிகை தொடங்கும் யோசனை எப்படி வந்தது?

1932 டிசம்பர், பெருமந்தக் காலம். வேலையில்லாதவர்கள் வாஷிங்டனுக்குப் பசி ஊர்வலம் போனார்கள், ஏற்பாடு கம்யூனிஸ்டுகள். பொதுநிலையினர் நடத்தும் 'காமன்வீல்', இயேசு சபையினர் நடத்தும் 'அமெரிக்கா' ஆகிய இரண்டு வார இதழ்களுக்காக டோரதி அதைப் பார்த்து எழுதப் போனார். நடைபாதையில் நின்று பழைய தோழர்கள் நடந்து போவதைப் பார்க்கிறார், தான் சேர்ந்த திருச்சபையின் ஆட்கள் யாரும் அந்த வரிசையில் இல்லை. டிசம்பர் 8, மாதாவின் அமல உற்பவத் திருநாள் அன்று அங்குள்ள தேசியத் திருத்தலத்துக்குப் போய், எனக்கு ஒரு வழி காட்டு என்று அழுது ஜெபித்ததாக எழுதியிருக்கிறார்.

ஊர் திரும்பினால் வீட்டில் ஓர் ஆள் காத்திருக்கிறார். கசங்கிய கோட்டு, பையெல்லாம் காகிதம், கனத்த பிரெஞ்சு உச்சரிப்பு. பீட்டர் மாரின். 1877ல் பிரான்ஸின் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கொஞ்சகாலம் துறவறச் சகோதரராக இருந்து, கனடா வழியாக அமெரிக்கா வந்து கூலிவேலை செய்தவர். 'காமன்வீல்' ஆசிரியர்தான் அவரை அனுப்பிவைத்திருந்தார். மனிதர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மூன்று காரியம் வேண்டும் என்றார்: தொழிலாளியும் அறிஞரும் கலந்து பேசும் கூட்டங்கள், ஏழைகளுக்கு விருந்தோம்பல் இல்லங்கள், நிலத்தில் கூடி உழைக்கும் பண்ணைகள். இதையெல்லாம் பரப்ப ஒரு பத்திரிகை. டோரதியின் காதில் கடைசியில் சொன்னதுதான் முதலில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் இதழுக்குப் பணம் யார் கொடுத்தது?

எந்த மறைமாவட்டமும் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) கொடுக்கவில்லை. கட்டுரை எழுதி வந்த பணம், எரிவாயு பில்லுக்கும் மின்சார பில்லுக்கும் வைத்திருந்த பணம், தெரிந்தவர்கள் கொடுத்த ஒன்றிரண்டு டாலர். அச்சுக்கூலி 57 டாலர், 2,500 பிரதிகள், 8 பக்கம். பவுலிஸ்ட் சபையாரின் அச்சகத்தில் அடித்தார்கள். ஆசிரியர் குழு கூடியது சமையலறை மேசையில்.

1933 மே 1, யூனியன் சதுக்கம். பல்லாயிரம் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் கூடிய மே தினக் கூட்டத்துக்கு நடுவே 'கத்தோலிக்' என்று தலைப்பில் போட்ட ஒரு பேப்பரை விற்கப் போனார்கள். கிண்டல்தான் அதிகம் கிடைத்தது. ஆனால் தபாலில் போன பிரதிகள் வேலை செய்தன. மூன்றே ஆண்டுகளில் விற்பனை சுமார் 1,50,000. பெரும்பகுதி பங்குக் கோயில்களும் பள்ளிகளும் கட்டுக்கட்டாக வாங்கியவை, இது பின்னால் வேறு விதமாகத் திரும்பியது, கீழே வருகிறேன்.

விலை ஒரு சென்ட். வருடச் சந்தா 25 சென்ட், அதில் தபால் செலவுக்கே பெரும்பங்கு போய்விடும்.

பீட்டர் மாரினுக்கு முதல் இதழ் பிடித்ததா?

பிடிக்கவில்லை! தன் கட்டுரைகள் மட்டும் வரும் என்று எதிர்பார்த்தார் பாவம். டோரதியோ வேலைநிறுத்தச் செய்தி, குழந்தைத் தொழிலாளர் நிலை, தெற்கில் கறுப்பினத் தொழிலாளர்கள் சுரண்டப்படுவது என்று நிரப்பியிருந்தார். எல்லாருடைய பத்திரிகையும் யாருடைய பத்திரிகையும் இல்லை என்பது மாரினின் எண்ணம். ஆனாலும் கட்டுரைகள் தொடர்ந்து கொடுத்தார், 1949ல் அவர் இறந்த பிறகும் டோரதி அவரைத்தான் நிறுவனர் என்று சொல்லிவந்தார். யார் நிறுவனர் என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. யோசனை அவருடையது, பத்திரிகை இவருடையது, இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?

திருச்சபையின் அனுமதி வாங்கித்தான் நடத்தினாரா?

இல்லை, இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. தொடங்கும் முன் தெரிந்த குருக்களிடம் யோசனை கேட்டார். தொடங்கு, ஆனால் அனுமதி கேட்டுப் போய் நிற்காதே என்பதுதான் பொதுவாகக் கிடைத்த பதில். அனுமதி கேட்டால் பொறுப்பு மேலிடத்துக்குப் போய்விடும், அவர்களும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கேட்காவிட்டால் அது ஒரு பொதுநிலையினரின் சொந்த முயற்சி, தப்பு நடந்தால் ஆயரின் தலை உருளாது. நம் ஊரில் பங்குக் கோயில் பத்திரிகை என்றாலே ஆசிரியர் இடத்தில் ஒரு ஃபாதர் பெயர் இருக்கும் என்று பழகிவிட்டதால் இது விசித்திரமாகத் தெரியலாம்.

சரி, மேலிடம் சும்மா இருந்ததா? பல ஆண்டுகள் சும்மா இருந்தது. 1949ல் நியூயார்க் உயர்மறைமாவட்டத்துக்குச் சொந்தமான கல்வரி கல்லறைத் தோட்டத்தில் குழிவெட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உயர்மறைமாவட்டத்தின் தலைவர் கர்தினால் ஸ்பெல்மன் விட்டுக்கொடுக்காமல், குருமாணவர்களைக் கூட்டிவந்து குழி வெட்டவைத்தார். பத்திரிகை வெளிப்படையாகத் தொழிலாளர் பக்கம் நின்றது, அதன் ஆட்கள் மறியலிலும் நின்றார்கள், டோரதி கர்தினாலுக்கே கடிதம் எழுதினார்: அவர்களிடம் போய்ப் பேசுங்கள், நீங்கள்தான் பெரியவர், விட்டுக்கொடுப்பது உங்களுக்கு எளிது என்ற தொனியில்.

இரண்டு வருடம் கழித்து, 1951ல், மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து அழைப்பு. பத்திரிகையை நிறுத்துங்கள், அல்லது பெயரில் உள்ள 'கத்தோலிக்' என்பதை எடுத்துவிடுங்கள். டோரதியின் பதில் கடிதம் ஒரு பாடம். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 18 ஆண்டாக இருக்கும் பெயரை மாற்ற எங்களில் யாருக்கும் விருப்பமில்லை, 'கத்தோலிக்க முன்னாள் படைவீரர்கள்' என்று ஒரு சங்கமும்தான் இருக்கிறது, அவர்கள் சொல்வதெல்லாம் திருச்சபையின் கருத்து என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே என்று கேட்டார். தவறு செய்திருந்தால் திருத்திக்கொள்கிறோம் என்றும் சேர்த்துக்கொண்டார். அலுவலகம் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

கர்தினால் நேரடியாக உத்தரவு போட்டால் நிறுத்திவிடுவேன் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு இடதுசாரி நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அப்படி ஓர் உத்தரவு வரவே இல்லை. கீழ்ப்படிவேன் என்று சொல்லிக்கொண்டே எழுத வேண்டியதை எழுதிவிடுகிற ஆசிரியரை எந்தக் கர்தினாலால் என்ன செய்ய முடியும்?

ஆசிரியராக எப்படிப்பட்டவர்? பத்திரிகையில் என்னதான் இருந்தது?

விளம்பரம் கிடையாது. யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆசிரியர் உட்பட. நான்கு திசையிலிருந்தும் செய்தி வரும்: பருத்தி வயல் குத்தகைக்காரர்கள், கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம், சுரங்கம், வாடகை வீட்டு வழக்கு. அதன் பக்கத்திலேயே திருவழிபாடு பற்றி ஒரு கட்டுரை, ஒரு புனிதரின் வாழ்க்கை, பண்ணையில் உருளைக்கிழங்கு விளைச்சல். 1935லிருந்து முகப்பில் ஒரு சித்திரம்: நடுவில் கிறிஸ்து, இரு பக்கமும் ஒரு வெள்ளைத் தொழிலாளி, ஒரு கறுப்பினத் தொழிலாளி. வரைந்தது ஏட் பெத்யூன் என்ற இளம்பெண். அன்றைய அமெரிக்காவில் நீக்ரோவும் வெள்ளையரும் ஒரே கோயிலில் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்த இடங்கள் உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் படம் எவ்வளவு பேசியது என்று புரியும்.

பிறகு ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த ஃபிரிட்ஸ் ஐகன்பர்க். யூதக் குடும்பத்தில் பிறந்து, போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கரில் சேர்ந்தவர். 1949ல் சந்தித்து, படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி படம் வேண்டும் என்று டோரதி கேட்க, காசு வாங்காமல் மரச்செதுக்குப் படங்கள் கொடுக்கத் தொடங்கினார். கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் ஏழைகளுக்கு நடுவே கிறிஸ்துவும் நிற்கும் படம் அவருடையதுதான். பத்திரிகை படிக்காதவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்.

டோரதியின் சொந்தப் பத்தி முதலில் வேறு பெயரில் வந்து, 1946லிருந்து 'யாத்திரையில்' என்ற தலைப்பில் வந்தது. பேருந்தில் நாடு முழுக்கச் சுற்றி, எங்கே தங்கினேன், யார் சோறு போட்டார்கள், அங்கே கூலி என்ன, வழியில் என்ன படித்தேன் என்று கடிதம் மாதிரி எழுதுவார். தடம் மாறும், சொன்னதையே திரும்பச் சொல்வார். கறாரான ஆசிரியர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் பாதி வெட்டியிருப்பார், ஆனால் இவர்தானே ஆசிரியர்.

பத்திரிகையை மடிப்பது, முகவரி ஒட்டுவது எல்லாம் இல்லத்தில் சாப்பிட வந்தவர்களும் சேர்ந்து செய்த வேலை. இளைஞர்களை இழுத்துப்போட்டுப் பொறுப்பு கொடுப்பார். மைக்கேல் ஹாரிங்டன், டாம் கார்னெல், ஜிம் ஃபாரஸ்ட் எல்லாரும் இருபதுகளில் அங்கே ஆசிரியர் குழுவில் இருந்தவர்கள். ஹாரிங்டன் பிற்பாடு விசுவாசத்தை விட்டு சோஷலிஸ்ட் தலைவரானார், அமெரிக்க வறுமை பற்றி 1962ல் அவர் எழுதியது அரசின் கொள்கையையே அசைத்தது.

பணம் எங்கிருந்து வந்தது?

வாசகர்களிடமிருந்து. வருடத்தில் ஓரிரு முறை வேண்டுகோள் கடிதம் போகும், அவ்வளவுதான். அறக்கட்டளை நிதி, அரசு மானியம் எதுவும் வேண்டாம் என்றார். வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்யவும் மறுத்தார். நல்லது செய்ய அரசாங்கத்திடம் எதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது அவர் வாதம். அதனால் 1972ல் வரித்துறை 2,96,359 டாலர் கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது! செய்தி வெளியாகி விமர்சனம் கிளம்பியதும் அதே ஆண்டு கைவிட்டது.

வட்டி விஷயம் இன்னும் வேடிக்கை. கிரிஸ்டி தெருவில் இருந்த இல்லத்தை சுரங்க ரயில் பாதைக்காக நகராட்சி எடுத்துக்கொண்டு 68,700 டாலர் கொடுத்தது, பணம் தாமதமானதால் வட்டி 3,579.39 டாலரும் சேர்த்துத் தந்தது. வட்டி வாங்குவது பாவம் என்ற பழைய திருச்சபைப் போதனையை நாங்கள் இன்னும் நம்புகிறோம் என்று விளக்கக் கடிதத்தோடு 1960ல் அந்தக் காசோலையை நகராட்சிக்கே திருப்பி அனுப்பினார். கணக்குப்பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

1956ல் கட்டடத்தில் தீ விதிகள் சரியில்லை என்று நீதிமன்றம் 250 டாலர் அபராதம் போட்டது. நீதிமன்றத்துக்குப் புறப்பட்டபோது வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து கசங்கிய உடையில் ஒருவர் ஒரு காசோலையைக் கையில் திணித்தார். இரண்டரை டாலர் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார் டோரதி. ரயிலில் பார்த்தால் முழு 250 டாலர். கொடுத்தவர் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன்.

அவர் கம்யூனிஸ்டா?

இல்லை. ஆனால் பழைய கம்யூனிஸ்ட் நண்பர்களைக் கைவிடவும் இல்லை, அவர்களைத் திட்டி நல்ல பெயர் வாங்கவும் முயலவில்லை. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. பல பத்தாண்டுகள் அவர்மேல் கோப்பு வைத்திருந்தது.

போரைப் பற்றி அவர் நிலை என்ன? அதனால் பத்திரிகைக்கு என்ன ஆனது?

பலத்த அடி. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அமெரிக்கக் கத்தோலிக்கர் பெரும்பாலும் தளபதி ஃபிராங்கோ பக்கம். பத்திரிகை எந்தப் பக்கமும் இல்லை என்றது. உடனே கட்டுக்கட்டாக வாங்கிய பங்குக் கோயில்களும் பள்ளிகளும் ஒவ்வொன்றாக நிறுத்தின. அப்புறம் 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது 1942 ஜனவரி இதழின் தலைப்பு: எங்கள் கிறிஸ்தவ சமாதான நிலையைத் தொடர்கிறோம். இயேசுவின் மலைப்பொழிவுதான் எங்கள் கொள்கை அறிக்கை என்றார். போர் முடியும்போது விற்பனை சுமார் 50,000க்கு இறங்கியிருந்தது, பல நகரங்களில் இருந்த இல்லங்கள் மூடப்பட்டன.

ஹிட்லரைப் பற்றித் தெரியாமல் பேசினார் என்று சொல்வது தவறு. 1935லேயே ஜெர்மன் கப்பலுக்கு எதிராக இவர்கள் நியூயார்க் துறைமுகத்தில் மறியல் செய்தவர்கள், யூத வெறுப்பைக் கக்கிய வானொலிப் பாதிரியாரை எதிர்த்தவர்கள். ஆனால் அப்படியானால் ஹிட்லரை எப்படித்தான் நிறுத்துவது என்ற கேள்விக்கு அவரிடம் எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. 1945 செப்டம்பரில் ஹிரோஷிமா பற்றி அவர் எழுதியதைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும், அதில் எதிர்வாதம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எத்தனை முறை சிறை போனார்?

பலமுறை. 1955லிருந்து நியூயார்க்கில் ஆண்டுதோறும் அணுகுண்டு ஒத்திகை நடக்கும், சங்கு ஊதினால் எல்லாரும் பதுங்க வேண்டும், மீறினால் குற்றம். டோரதியும் சிலரும் நகர மண்டபப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். 1957ல் 30 நாள் தண்டனை. ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகி, 1961க்குப் பிறகு ஒத்திகையே கைவிடப்பட்டது. அதே 1957ல் ஜார்ஜியாவில் கறுப்பினத்தாரும் வெள்ளையரும் சேர்ந்து வாழ்ந்த பண்ணை ஒன்றில் இரவுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோது, அவர் இருந்த கார்மேல் துப்பாக்கியால் சுட்டார்கள். கடைசிக் கைது 1973ல் கலிஃபோர்னியாவில், திராட்சைத் தோட்டத் தொழிலாளர் மறியலில், வயது 75.

அவரிடம் குறையே இல்லையா?

நிறைய. கொள்கை விஷயத்தில் விட்டுக்கொடுக்கமாட்டார். 1940ல், போர் எதிர்ப்பை ஏற்காவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் பத்திரிகையை விநியோகிக்காமல் முடக்குகிறவர்கள் இயக்கத்திலிருந்து விலகட்டும் என்று எல்லா இல்லங்களுக்கும் கடிதம் போட்டார். 1962ல் இல்லத்தின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்திலேயே ஆபாசத் தலைப்போடு ஓர் இலக்கிய இதழ் அடித்த இளைஞர்களை வெளியே போகச் சொன்னார். அராஜகவாதி (அரசதிகாரமே வேண்டாம் என்கிறவர்) என்று சொல்லிக்கொண்டவர், ஆனால் பத்திரிகையில் கடைசிச் சொல் அவருடையதுதான். இல்லத்திலும்தான்.

மகள் தமார் சின்ன வயதில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே, அம்மா ஊர்ஊராய்ப் போய்க்கொண்டிருக்க, விடுதிப் பள்ளிகளிலும் பிறர் பராமரிப்பிலும் வளர்ந்தார். பிற்காலத்தில் திருச்சபையை விட்டு விலகினார். ஆனாலும் இருவருக்கும் இடையே பாசம் அறுந்துபோகவில்லை, டோரதி இறந்தபோது தமார் பக்கத்தில் இருந்தார்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. காந்தியை அவர் விடாமல் படித்தவர், காந்தி கொல்லப்பட்டதும் 1948 பிப்ரவரி இதழில் அஞ்சலி எழுதினார், வன்முறையற்ற புரட்சியாளர் என்று. 1970ல் உலகப் பயணத்தின்போது கல்கத்தா வந்து அன்னை தெரசாவைச் சந்தித்தார். தன் சபைச் சகோதரிகள் அணியும் சிலுவையை அன்னை இவருடைய உடையில் குத்திவிட்டார்.

புனிதர் பட்டம் எந்த நிலையில் இருக்கிறது?

2000ல் நியூயார்க் கர்தினால் ஓ'கானர் காலத்தில் தொடங்கியது, இப்போது டோரதி 'இறை ஊழியர்', புனிதர் பட்டத்துக்கான முதல் படி. 2012ல் அமெரிக்க ஆயர்கள் ஆதரவு தெரிவித்தார்கள். 2015ல் திருத்தந்தை பிரான்சிஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் லிங்கன், மார்ட்டின் லூதர் கிங், தாமஸ் மெர்ட்டன் ஆகியோரோடு இவர் பெயரையும் சொன்னார். மறைமாவட்ட அளவிலான விசாரணை 2021 டிசம்பர் 8 அன்று முடிந்து, ஆவணங்கள் ரோமுக்குப் போயின. 1951ல் பெயரை மாற்றச் சொன்ன அதே உயர்மறைமாவட்டம்தான் மனுவைப் போட்டிருக்கிறது.

தன்னைப் புனிதர் என்று சொல்வதை அவர் விரும்பியதில்லை. அப்படிச் சொல்லி ஒதுக்கிவிட்டால் அவர் எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். செலவு பிடிக்கிற இந்த நடைமுறையே அவருக்குப் பிடிக்காது, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று அவருடைய குடும்பத்திலும் இயக்கத்திலும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது.

பத்திரிகை இப்போதும் வருகிறதா?

வருகிறது, நியூயார்க்கிலிருந்துதான். மாதாமாதம் இல்லை, வருடத்துக்குச் சில இதழ்கள். பிரதி விலை அதே ஒரு சென்ட். முகப்புச் சித்திரத்தில் 1980களில் ஒரு மாற்றம், ஓர் ஆண் தொழிலாளி இருந்த இடத்தில் பெண் தொழிலாளி வந்தார், மாற்றி வரைந்ததும் அதே ஏட் பெத்யூன்.

அவர் எழுதியதை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

சுயசரிதையிலிருந்து தொடங்கச் சொல்வார்கள் எல்லாரும். நான் பத்திகளிலிருந்து தொடங்கச் சொல்வேன், இயக்கத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆங்கிலம் எளிமையானது. முதலில் 1945 செப்டம்பர் ஹிரோஷிமா பத்தி. பிறகு 1960ல் வட்டியைத் திருப்பிய கடிதம், ஒரே பக்கம்தான். அது முடிந்ததும் 1950களின் பயணப் பத்திகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்குறிப்புகளை இறந்து 25 ஆண்டு கழித்தே திறக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அவை வெளிவந்துவிட்டன, மில்வாக்கியில் உள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் மூலப்பிரதிகள் இருக்கின்றன. அவை கனமான வாசிப்பு. பத்திகளில் ருசி கண்டபிறகு போனால் போதும்.